கையிலும் காலிலும் வெண்புள்ளி: செல்ஃப் டேனரை வீட்டிலேயே இயல்பாகத் தெரியும்படி பூசுவது எப்படி?

கேள்வி இதுதான். ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் பெண், வயது 24, மாநிறம். இரண்டு புறங்கைகளிலும் கணுக்காலிலும் வெண்புள்ளி இருக்கிறது, கழுத்தின் பக்கவாட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒன்று. ஒரு வருடமாகப் புதிதாக எதுவும் வரவில்லை, இருப்பதும் பெரிதாகவில்லை. ஆவணியில் அண்ணன் கல்யாணம், வேலூரில் மண்டபம். மேக்கப் போட்டு மறைத்தால் ஒரு தடவை கை கழுவியதும் போய்விடுகிறது. வெளிநாட்டுக்காரர்கள் வெயிலில் நிற்காமலே தோலைப் பழுப்பாக்க உடம்பு முழுக்கப் பூசிக்கொள்ளும் செல்ஃப் டேனரை இதற்குப் பூசலாமா, ஆரஞ்சாகப் போய்விடுமா, பூசினால் புள்ளி பரவுமா என்று கேட்டிருக்கிறார்.

பூசலாம் தங்கச்சி. கையும் காலும் என்றால் மேக்கப்பைவிட இதுதான் சரி, ஏனென்றால் தண்ணீரில் கரைந்து போகாது, புடவையிலும் ஒட்டாது. ஆரஞ்சாகப் போவதும் போகாததும் எவ்வளவு பூசுகிறோம் என்பதைப் பொறுத்தது. பரவுமா என்றால், டேனரால் பரவாது, ஆனால் டேனர் பூசுவதற்கு முன்னால் தேய்க்கச் சொல்கிறார்களே அந்தத் தேய்ப்பால் பரவலாம். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

நான் காட்பாடியில் பார்லர் வைத்திருக்கிறேன். இந்த வெயில் ஊரில் பார்லருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கறுத்ததை எடுங்கள் அக்கா என்றுதான் வருவார்கள், நிறம் ஏற்றிக் கொடுங்கள் என்று கேட்பவர்கள் அநேகமாக வெண்புள்ளி உள்ளவர்கள்தான். அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாட்டிலின் பின்னால் அச்சடித்திருக்கும் முறையும், வீடியோவில் வெள்ளைக்காரப் பெண்கள் காட்டும் முறையும் நமக்கு எழுதியவை அல்ல. அவர்கள் உடம்பு முழுவதும் ஒரே சீராக நிறம் ஏற்றப் பார்க்கிறார்கள், நாம் புள்ளிக்குள் மட்டும் நிறத்தை நிரப்பி, சுற்றியிருக்கிற தோலைத் தொடாமல் விடப் பார்க்கிறோம். பெரிய உறையைக் கையில் மாட்டிக்கொண்டு வழித்து வழித்துப் பூசினால் புள்ளியும் கறுக்கும், பக்கத்துத் தோலும் சேர்ந்து கறுக்கும், வித்தியாசம் அப்படியேதான் நிற்கும்.

எதையும் மூடுவதற்கு முன்னால் அது வெண்புள்ளிதான் என்று ஒரு தோல் டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் காட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன். வெளுத்த திட்டெல்லாம் வெண்புள்ளி இல்லை. தேமலும் வெளுப்பாகத்தான் இருக்கும், அது பூஞ்சை, மருந்து போட்டால் போய்விடும். வெளிறிய ஒரு திட்டில் தொடு உணர்ச்சியோ சூடு தெரிவதோ குறைந்திருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம், உடனே காட்ட வேண்டும், சாப்பிடும் மருந்திலேயே குணமாகிவிடும். வெண்புள்ளியில் உணர்ச்சி கொஞ்சமும் குறையாது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றவும் தொற்றாது. நம் ஊரில் இதற்கெல்லாம் அலைய வேண்டியதில்லை. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை இருக்கிறது, சி.எம்.சி. இருக்கிறது, தொழுநோய்க்கென்றே 1955இலிருந்து கரிகிரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அப்படியிருந்தும் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் ஒதுங்கி உட்காருகிற ஆட்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள், என்ன செய்வது.

சரி, டேனர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பூசும்போது வருகிற பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். அதில் உள்ள முக்கியமான பொருள் டைஹைட்ராக்ஸிஅசிட்டோன், சுருக்கமாக டி.எச்.ஏ. அது ஒரு சின்னச் சர்க்கரை. தோலின் மேற்பரப்பில் செத்த செல்களால் ஆன மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது, அதிலிருக்கும் புரதத்தோடு இந்தச் சர்க்கரை சேர்ந்து பழுப்பு நிறமாகிறது. தோசைக்கல்லில் தோசை சிவந்து முறுகுவதும் இதே வகை வினைதான், அங்கே சூட்டில் நடக்கிறது, இங்கே சூடில்லாமல் மெதுவாக நடக்கிறது. 1950களில் அமெரிக்காவில் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் ஈவா விட்கென்ஸ்டைன் என்பவர் ஒரு அபூர்வ நோயுள்ள குழந்தைகளுக்கு இதை வாய்வழியாகக் கொடுத்துக்கொண்டிருந்தார், சிந்திய இடத்தில் தோல் பழுப்பானதைப் பார்த்துத் தன் கையிலேயே பூசிப் பார்த்திருக்கிறார், அப்படித்தான் இது வெளியே வந்தது. நமக்கு இதில் முக்கியமானது என்னவென்றால், இந்த நிறத்துக்கு, தோலுக்கு இயல்பாக நிறம் கொடுக்கும் மெலனின் தேவையே இல்லை. வெண்புள்ளியில் இல்லாமல் போனது மெலனின் செய்கிற செல்கள்தான், மேலே இருக்கும் செத்த அடுக்கு எல்லோருக்கும் இருப்பதுபோல் அங்கேயும் இருக்கிறது. அதனால் வெயிலில் எவ்வளவு நின்றாலும் கறுக்காத இடம்கூட டேனரில் நிறம் பிடிக்கும். அந்த அடுக்கு நாளாக நாளாக உதிர்ந்துகொண்டே இருப்பதால் நிறமும் 5 முதல் 7 நாளில் மங்கிப் போகும். இது வைத்தியம் இல்லை, சாயம்.

இனி நிறம். டி.எச்.ஏ. கொடுப்பது மஞ்சள் கலந்த பழுப்பு. கோதுமை நிறத்துக்கும் மாநிறத்துக்கும் அது அழகாகப் பொருந்தும். நல்ல கறுப்பு நிறத்தவர்களுக்கு டேனர் மட்டும் போதாது, எத்தனை தடவை பூசினாலும் ஒரு கட்டத்துக்கு மேல் கறுக்காது. அவர்கள் டேனரை அடியில் வைத்துக்கொண்டு அதன்மேல் கேமஃப்ளாஜ் க்ரீமை, அதாவது திட்டை மறைக்கும் மேக்கப் க்ரீமை, மெல்லிசாகப் போடலாம், வெள்ளையின்மேல் க்ரீம் போடுவதைவிடப் பழுப்பின்மேல் போட்டால் பாதி க்ரீம் போதும், கொஞ்சம் கலைந்தாலும் பளிச்சென்று தெரியாது. உங்களுக்கு மாநிறம் என்பதால் டேனரே போதும் என்று நினைக்கிறேன்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். பொருள்களின் பட்டியலில் டைஹைட்ராக்ஸிஅசிட்டோன் இருக்கிறதா என்பது முதலில். பல ‘பிரான்ஸர்’கள் வெறும் சாயம்தான், குளித்தால் போய்விடும். அடுத்தது, ‘டார்க்’, ‘அல்ட்ரா டார்க்’ என்று போட்டதை எடுக்காதீர்கள். அழுத்தமான டேனரை ஒரே தடவை பூசுவதுதான் ஆரஞ்சு நிறம் வருவதற்கு முக்கியமான காரணம். ‘கிராஜுவல்’ என்று போட்ட லோஷனோ, ‘லைட்’ அல்லது ‘மீடியம்’ என்று போட்ட டேனரோ எடுத்து, இரவுக்கு ஒரு பூச்சாக நிறத்தை ஏற்றிக்கொண்டு போனால் எங்கே நிறுத்துவது என்பது உங்கள் கையில் இருக்கும். நுரையாக வருகிற மூஸைவிட லோஷன் நமக்கு வசதி, காட்டன் பட்டில் தொட்டு வைக்க முடியும். ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம், மூச்சில் போகக் கூடாது, புள்ளிக்கு மட்டும் அடிக்கவும் முடியாது. சில டேனர்களில் எங்கே பூசினோம் என்று தெரிவதற்காகக் கூடவே ஒரு சாயம் கலந்திருக்கும். புதிதாகப் பூசுகிறவர்களுக்கு அது உதவி, ஆனால் பூசியவுடன் தெரிகிற அந்த நிறத்தைப் பார்த்து ஐயோ கறுத்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம், அது மறுநாள் கழுவினால் போய்விடும். வேலூர் பக்கம் கடையில் தேடினால் கிடைப்பது கஷ்டம், ஆன்லைனில்தான் வாங்க வேண்டியிருக்கும், அதனால் கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஆர்டர் போடாமல் இப்போதே போடுங்கள்.

வந்தவுடன் புறங்கையில் பூசிவிடாதீர்கள். உள்முழங்கையில் கடலை அளவுக்குப் பூசி 2 நாள் விடுங்கள், அரிப்பு, சிவப்பு வருகிறதா என்று பார்க்க. டி.எச்.ஏ.வுக்கு ஒவ்வாமை அபூர்வம், ஆனால் அதில் கலந்திருக்கும் வாசனைப் பொருள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. வெண்புள்ளி உள்ள தோலில் அரிப்பு வந்து சொறிந்தால் அது தனிப் பிரச்சினை. அது சரியாக இருந்தால் கணுக்காலில் ஒரு சின்னப் புள்ளியில் ஒரு பூச்சு வைத்து, ஒரு முழு நாள் கழித்து, ஜன்னல் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட்டில் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

இப்போது அந்தத் தேய்ப்பு விஷயம். டேனர் பற்றி யார் சொன்னாலும் முதலில் ஸ்க்ரப் போடு, நார் போட்டுத் தேய், செத்த தோலை எடு என்பார்கள். மற்றவர்களுக்கு அது சரி, உங்களுக்கு இல்லை. வெண்புள்ளி உள்ளவர்களில் பலருக்குத் தோல் உரசுகிற, கீறல் படுகிற இடத்தில் புதிய புள்ளி வரும், டாக்டர்கள் இதைக் கோப்னர் என்பார்கள். பாவாடை நாடா இறுக்கிக் கட்டும் இடுப்பிலும், செருப்பு வார் உரசும் காலிலும் வெண்புள்ளி வருவது இதனால்தான். அதனால் பீர்க்கங்காய் நார், சர்க்கரை ஸ்க்ரப், கல், எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்துவிட்டு, ஈரமாக இருக்கும்போதே மெல்லிய பருத்தித் துணியால் மெதுவாக ஒற்றித் துடைத்தால் போதும். வாக்ஸிங்கும் வேண்டாம், அவசியம் முடி எடுக்க வேண்டுமென்றால் முந்தின நாளே ட்ரிம்மர் போட்டு முடித்துவிடுங்கள். சோப்புப் பிசுக்கு இல்லாமல் அலச வேண்டும். அன்றைக்குத் தேங்காய் எண்ணெய், மஞ்சள், பவுடர், சன்ஸ்க்ரீன் எதுவும் தோலில் இருக்கக் கூடாது, எண்ணெய் இருந்த இடத்தில் டேனர் பிடிக்காமல் திட்டுத் திட்டாக நிற்கும். குறிப்பாக மஞ்சள், அது வெண்புள்ளியில் பளிச்சென்று பிடித்துக்கொள்ளும், அதற்குமேல் டேனர் பூசினால் என்ன நிறம் வரும் என்று சொல்ல முடியாது.

பூசுவது இரவு 9 மணிக்கு மேல் இருக்கட்டும். குளித்து அரை மணி நேரமாவது ஆறி, வேர்வை அடங்கி, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து செய்ய வேண்டும். ஏ.சி. அறை இருந்தால் நல்லது. நிறம் பிடிக்கிற முதல் சில மணி நேரத்தில் வேர்வை வழிந்தால் அது கோடு கோடாக நிற்கும். ஆவணியிலும் நம் ஊரில் புழுக்கம் குறைந்திருக்காது, கரண்ட் போகிற நேரம் தெரிந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

முதலில் விரல் கணுக்களிலும் கணுக்கால் எலும்பின் மேட்டிலும் மாய்ஸ்சரைசரை ஒரு சொட்டு எடுத்து மிக மெல்லிசாகத் தடவி ஒரு நிமிடம் விடுங்கள். அங்கெல்லாம் தோல் தடிப்பு, வறட்சியும் அதிகம், அதிகமாக டேனரை இழுத்துக்கொண்டு கறுப்பாக நிற்கும். மற்ற இடத்தில் மாய்ஸ்சரைசர் வேண்டாம். பிறகு ஒரு மூடியில் கொஞ்சம் லோஷன் எடுத்து, காட்டன் பட்டில் தொட்டு, மூடியின் ஓரத்திலேயே வழித்து, புள்ளியின் நடுவிலிருந்து ஆரம்பித்து வெளியே நகர்த்துங்கள். ஓரத்துக்கு ஒரு நூல் அளவு முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். டேனர் உங்கள் இயல்பான தோலில் பட்டால் அதுவும் ஒரு படி கறுக்கும், அப்போது புள்ளியைச் சுற்றி ஒரு கரிய வளையம் விழும், அது வெள்ளையைவிட அசிங்கமாகத் தெரியும். லோஷன் தானாகவே கொஞ்சம் பரவும் என்பதால் நூல் அளவு இடைவெளி பெரும்பாலும் மறுநாள் பார்க்கும்போது மூடியிருக்கும், மூடாவிட்டால் அடுத்த இரவு அந்த ஓரத்துக்கு மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் வைத்துக்கொள்ளலாம். வெளியே பட்டுவிட்டால் வேறொரு காட்டன் பட்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து உடனே துடைத்துவிடுங்கள், பத்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பிரயோஜனமில்லை. சிலர் புள்ளியைச் சுற்றி வாசலைன் வைத்துக்கொள்வார்கள், நல்ல யோசனைதான், ஆனால் ஒரு துளி உள்ளே போனாலும் அந்த இடம் வெள்ளையாகவே நிற்கும், கை நிதானம் உள்ளவர்கள் செய்யட்டும்.

புள்ளிக்குள் சின்னச் சின்னப் பழுப்புப் பொட்டுகள் இருந்தால், மயிர்க்காலைச் சுற்றி நிறம் திரும்பி வருகிறது என்று அர்த்தம், சந்தோஷப்படுங்கள். அவற்றைத் தாண்டித் தாண்டிப் பூச முடியாது, எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பூசிவிடுங்கள், லேசான புள்ளிகள் தெரியும், தூரத்திலிருந்து பார்த்தால் இயல்பாகவே இருக்கும். சிலருக்கு வெள்ளைக்கும் இயல்பான நிறத்துக்கும் நடுவில் இளம்பழுப்பாக ஒரு வட்டம் இருக்கும். அவர்கள் வெள்ளைக்கு இரண்டு பூச்சும் நடு வட்டத்துக்கு ஒரு பூச்சும் வைத்தால் சரியாக வரும்.

வலது கைக்காரர் என்றால் வலது புறங்கைக்கு இடது கையால் பூசுவது சிரமம், அம்மாவையோ அண்ணியாக வரப்போகிறவரையோ கூப்பிட்டுக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பூசுகிறவர் ரப்பர் வாசனை வராத நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளட்டும். உள்ளங்கைத் தோல் தடிப்பு, டேனர் பட்டால் மஞ்சள் பழுப்பாக நாள்கணக்கில் நிற்கும்.

ஒரு பூச்சு காய 15 நிமிடம் ஆகும், அதுவரை கையை நீட்டிவைத்து உட்கார வேண்டியதுதான். பிறகு தளர்வான பழைய நைட்டி, பழைய விரிப்பு. காயாத டேனர் பருத்தியில் பட்டால் துவைத்தால் போய்விடும், ஆனால் பட்டும் கம்பளியும் புரத நூல்கள், அவற்றில் பட்டால் தோலில் பிடிப்பதுபோலவே பிடித்துக்கொள்ளும், அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். 6 முதல் 8 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. அதனால்தான் இரவு. மாத்திரை, தண்ணீர், பாத்திரம், பாத்ரூம் எல்லாம் முடித்துவிட்டு உட்காருங்கள். ஒரு மாதிரி வாடை வரும், பிஸ்கட் தீய்ந்ததுபோல் என்று சிலர் சொல்வார்கள், அது வினை நடப்பதால் வருவது, காலையில் வெறும் தண்ணீரில் அலசினால் குறையும்.

பூசி ஒரு மணி நேரத்தில் எதுவும் தெரியவில்லை என்று இன்னொரு பூச்சு வைப்பவர்கள்தான் அதிகம். நிறம் தெரிய ஆரம்பிக்கவே 2 முதல் 4 மணி நேரம் ஆகும், முழுசாக ஏற ஒரு நாள் ஆகும். ஒரு இரவுக்கு ஒரு பூச்சு, அதற்கு மேல் கிடையாது. மாநிறத்துக்கு லேசான லோஷன் என்றால் இரண்டு மூன்று இரவில் பக்கத்துத் தோலுக்குச் சமமாக வந்துவிடும். ஒரு படி குறைவாக நிறுத்துவது எப்போதும் நல்லது, இயல்பான தோலைவிட லேசாக வெளுப்பாக இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள், கறுப்பாக இருந்தால் கண் நேராக அங்கேதான் போகும்.

உங்கள் புள்ளி விரல் நுனிவரை போகிறதா என்று எழுதவில்லை. போகிறது என்றால் நகத்தைச் சுற்றி நிறம் ஒரு நாளைக்குமேல் தங்குவது கஷ்டம், அடிக்கடி கழுவுகிற இடம், அங்கே தினமும் தொட்டு வைக்க வேண்டியிருக்கும். விரலின் உள்பக்கத்தைத் தொட வேண்டாம், அங்கே எல்லோருக்கும் வெளுப்புதான். கழுத்துக்குப் பூசலாம். ஆனால் கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் டேனர் கூடாது, அமெரிக்காவில் இதற்கு அனுமதி கொடுத்த துறையே அந்த இடங்களை விலக்கித்தான் கொடுத்திருக்கிறது. முகத்தில் அந்த இடங்களில் புள்ளி உள்ளவர்கள் கேமஃப்ளாஜ் மேக்கப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நிறத்தைக் காப்பாற்றுவது நம் வீடுகளில்தான் கஷ்டம். எண்ணெய் தேய்த்துக் குளித்து, சீயக்காயோ கடலைமாவோ போட்டு உருட்டித் தேய்த்தால் ஒரே குளியலில் பாதி போய்விடும். கல்யாணம் முடியும்வரை உடம்புக்கு எண்ணெய்க் குளியல் வேண்டாம், தலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் தேய்க்கும்போது கையுறை. குளித்தவுடன் ஒற்றித் துடைத்து மாய்ஸ்சரைசர் போட்டால் வறண்டு உதிர்வது குறையும், நிறம் திட்டுத் திட்டாகக் கலையாமல் சீராக மங்கும். 3 அல்லது 4 நாளுக்கு ஒருமுறை ஒரு பூச்சு வைத்தால் அப்படியே நிற்கும்.

தப்பாகப் போய்விட்டால் எலுமிச்சம்பழமும் ஆப்ப சோடாவும் போட்டுத் தேய்க்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. உங்கள் தோலுக்கு அது ஆகாது. எலுமிச்சை பூசி வெயிலில் போனால் கொப்புளமே வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை ஊறவைத்து, எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு, துணியால் மெதுவாகத் துடையுங்கள், இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தால் மங்கிவிடும். வளையம் விழுந்திருந்தால் வளையத்துக்கு மட்டும் இதைச் செய்யலாம்.

கல்யாணக் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு முன்பே ஒருமுறை முழுசாகச் செய்து பாருங்கள், உங்கள் தோலுக்கு எத்தனை பூச்சு, எத்தனை நாள் நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும். கல்யாணத்துக்கு 5 நாள் முன்னால் முதல் பூச்சு, கடைசிப் பூச்சு முகூர்த்தத்துக்கு இரண்டு இரவு முன்னால். அதற்கு அடுத்த நாள் மருதாணி வைத்துக்கொள்ளலாம். மருதாணி முதலில், டேனர் பிறகு என்று வைத்தால் கோலத்தின்மேல் டேனர் ஏறும், மருதாணிக்குப் போட்ட எண்ணெயும் தடுக்கும். மருதாணி உள்ளங்கையோடு இருக்கட்டும், புறங்கையில் வைத்தால் அதைச் சுரண்டி எடுக்கும்போது டேனரும் வரும். ‘பிளாக் மெஹந்தி’ என்று மண்டபத்தில் கோன் வைத்துக்கொண்டு யாராவது வந்தால் கையை நீட்டாதீர்கள், அதில் தலைச்சாயத்தில் போடும் பி.பி.டி. கலந்திருக்கும், தோல் புண்ணாகும், நிறமே போய் வெளுப்பதும் உண்டு. மணமகனுக்கு நலங்கு வைக்கும்போது உங்கள் கையிலும் மஞ்சள் பூசுவார்கள், கன்னத்தில் வைத்துவிடுங்கள் அத்தை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் சொல்ல வேண்டியது ஒன்று. நீங்கள் இப்போது லைட் சிகிச்சை எடுக்கிறீர்கள் என்றால் டேனர் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள், அந்தப் பழுப்பு நிறம் புறஊதாக் கதிரைக் கொஞ்சம் தடுக்கும், சிகிச்சையின் அளவு மாறும். களிம்பு போடுகிறீர்கள் என்றால் டேனர் பூசும் இரவில் களிம்பைக் காலைக்கு மாற்றலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கார்போகரிசி வாங்கி அரைத்துப் போடச் சொல்லியிருந்தால், அதைப் போட்டுக்கொண்டு நம் ஊர் வெயிலில் நிற்பது ஆபத்து, தோல் வெந்து கொப்புளித்துவிடும், டேனரோடு சேர்த்துப் போடவே கூடாது.

டேனர் பழுப்பாக இருக்கிறதே, வெயில் தாங்கும் என்று நினைக்காதீர்கள். இயற்கையாகக் கறுத்த தோலுக்கு இருக்கும் பாதுகாப்பு இதற்கு இல்லை, வெயில் பாதுகாப்பைக் காட்டும் எஸ்.பி.எஃப். எண் மூன்று நான்கு தேறினால் அதிகம். பூசிய முதல் நாள் தோலுக்கு வெயில் இன்னும் ஆகாது. மறுநாள் காலையில் அலசியபின் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்க்ரீன் போட்டு, வண்டி ஓட்டும்போது முழுக்கை உறை மாட்டுங்கள். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுகிற நம் வெயிலில் சுற்றியுள்ள தோல் கறுக்கக் கறுக்கத்தான் புள்ளி பளிச்சென்று தெரிகிறது. புள்ளிக்கு மட்டும் இல்லாமல் முழங்கை முதல் விரல்வரை சன்ஸ்க்ரீன் போட்டு வந்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே குறையும், டேனரும் ஒரு பூச்சு குறைவாகப் போதும். சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள், செய்தவர்களுக்குத் தெரியும்.

கடைசியாக, ஷூ கம்பெனி என்று எழுதியிருக்கிறீர்கள், எந்தப் பிரிவு என்று சொல்லவில்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பேஸ்டிங், அதாவது பசை ஒட்டும் பகுதியில் வேலை செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஷூவுக்கு லெதர் ஒட்டும் பசைகள் சிலவற்றில் உள்ள பீனால் வகை ரசாயனம் படும் இடத்தில் நிறம் செய்யும் செல்களையே அழித்துவிடும். ஒட்டும் பொட்டு வைத்த இடத்தில் நெற்றி வெளுப்பது அந்தப் பசையால்தான், ரப்பர் செருப்பின் வார் படும் இடத்தில் கால் வெளுப்பதற்கும் ரப்பரில் கலக்கும் இந்த மாதிரி ரசாயனமே காரணம். உங்களுக்குப் புறங்கையிலும் கணுக்காலிலும் இருப்பதால் கேட்கிறேன், கையில் பசை படுகிற வேலையா, காலில் எந்தச் செருப்பு? டாக்டரிடம் வேலையைப் பற்றிச் சொன்னீர்களா? பசைதான் காரணம் என்றால் வேறு பிரிவு கேட்பதும், நல்ல கையுறை கேட்பதும், கால் செருப்பை மாற்றுவதும் டேனரைவிட முன்னால் செய்ய வேண்டியவை. பொட்டுக்குக் குங்குமமோ சாந்தோ போதும்.

டேனர் பாட்டிலை வாங்கினால் சின்ன அளவாக வாங்குங்கள், புள்ளிக்கு மட்டும் பூசுவதால் ரொம்ப நாள் வரும், அதற்குள் சூட்டில் கெட்டுவிடும். பீரோவின் அடித்தட்டில், வெயில் படாத சுவர்ப் பக்கம் வையுங்கள். நிறம் மாறியோ வாடை மாறியோ இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், கெட்டுப்போன டேனர் நிறமும் சரியாகக் கொடுக்காது.